கேனான் 1500டி: இரண்டு மார்கழிகள் கையில் வைத்திருந்த பிறகு

மார்கழி மாதம் முழுவதும் மயிலாப்பூர் மாட வீதிகளையொட்டிய தெருக்களிலும் மந்தைவெளியின் உள் சந்துகளிலும் வாசலில் இடப்படும் கோலங்களைப் படமெடுத்துச் சேர்த்து வைக்க வேண்டும் என்ற ஆசைதான் என்னை, லென்ஸை மாற்றிப் பூட்டக்கூடிய ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாங்க வைத்தது. அலுவலக வேலைக்கு நடுவே, விடியற்காலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மட்டும் படமெடுக்க நேரம் கிடைக்கும் என்னைப் போன்றவர்கள் எதை வாங்கலாம் என்று விசாரித்தால், ஆளுக்கொரு பதில் வருகிறது. நான் சென்னையில் கேமராக் கடைகள் நிறைந்த எல்லிஸ் சாலையில் ஒரு கடையில் கேனான் இ.ஓ.எஸ். 1500டி கேமராவை, அதற்குரிய 18-55 மி.மீ. லென்ஸோடு (மி.மீ. எண் கூடக் கூடப் பார்வை குறுகி, பொருள் பெரிதாகத் தெரியும்), ஒருவர் பயன்படுத்திக் கொடுத்த நிலையில் ரூ.22,000-க்கு வாங்கினேன். அதன்பின் இரண்டு மார்கழிகள், ஒரு பங்குனிப் பெருவிழா, இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. இப்போதுதான் இதைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு வந்திருப்பதாக நினைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கேமராவை அதனுடன் வரும் லென்ஸை மட்டும் வைத்து எடை போட்டால், கையிலிருக்கும் செல்பேசியே போதுமே என்று பல நேரம் தோன்றும். அதே கேமராவில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் (எஃப் எண் சிறிதாகச் சிறிதாக ஒளி நுழையும் துளை பெரிதாகும்) பூட்டினால், செல்பேசியால் எட்ட முடியாத படங்கள் வரத் தொடங்குகின்றன. ஆகவே கையில் உள்ள பணம் முழுவதையும் கேமராவின் மீது போடாமல், கேமராவைப் பழையதாக வாங்கி, மிச்சப்படும் பணத்தில் இரண்டாவது லென்ஸ் ஒன்றையும் அதை ஈரத்திலிருந்து காக்கும் பெட்டி ஒன்றையும் வாங்குவதே சென்னையில் இருப்பவருக்கு ஏற்ற வழி.

1500டி 2018-இல் வெளிவந்தது. ஐரோப்பாவில் 2000டி என்றும் அமெரிக்காவில் ரெபெல் டி7 என்றும் விற்கப்படுவது இதே கேமராதான். 24.1 மெகாபிக்சல் கொண்ட ஏபிஎஸ்-சி அளவு (35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறிய) சென்சர், நொடிக்கு 3 படம், 9 ஃபோகஸ் புள்ளிகள், அசையாத 3 அங்குலத் திரை, பேட்டரியோடும் கார்டோடும் சேர்த்து 475 கிராம் எடை. வைஃபை உண்டு, தொடுதிரை இல்லை. காகிதத்தில் படிக்கும்போது இவற்றில் எதுவும் ஆளை ஈர்ப்பதில்லை. ஆனால் கண்ணை வ்யூஃபைண்டரில் வைத்து, கண்ணாடி வழியாக வரும் உண்மையான ஒளியில் தெருவைப் பார்ப்பது செல்பேசித் திரையைப் பார்ப்பதிலிருந்து முற்றிலும் வேறான அனுபவம். விடிவதற்கு முன் இருட்டில் கண்ணைக் கூச வைக்கும் திரை வெளிச்சம் இல்லாமல் நிற்க முடிகிறது என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

அந்த வ்யூஃபைண்டரில் ஒரு குணம் உண்டு, அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அது காட்டுவது பதிவாகும் படத்தில் 95 விழுக்காடுதான். சுற்றிலும் ஒரு மெல்லிய விளிம்பு நம் கண்ணுக்குத் தெரியாமலே படத்தில் சேர்ந்துவிடும். கோலத்தை மட்டும் சட்டத்துக்குள் கச்சிதமாக அடக்கினேன் என்று நினைத்து வீட்டுக்கு வந்து பார்த்தால், ஓரத்தில் ஒரு ரப்பர் செருப்பின் நுனியோ வாளியின் விளிம்போ எட்டிப் பார்க்கும். ஓரத்தை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பதால் இதைக் குறையாக நான் எண்ணவில்லை. ஆனாலும் படமெடுக்கும் முன் காலால் செருப்பை ஒதுக்கிவிடும் பழக்கம் இப்போது வந்துவிட்டது.

கோலம் படமெடுப்பது எளிது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். பொருள் அசையாது, ஓடாது, வெட்கப்படாது. ஆனால் ஒளி ஒத்துழைப்பதில்லை. மார்கழியில் சென்னையில் சூரியன் உதிக்க ஆறரை மணி நெருங்கிவிடும். கோலம் போடும் பெண்களோ ஐந்தரைக்கெல்லாம் வாசல் தெளித்து முடித்துவிடுகிறார்கள். ஆறேகாலுக்கு மேல் போனால் பால்காரர், பேப்பர் போடும் பையன், ஸ்கூட்டர் என்று வரிசையாக வந்து கோலத்தின் மீது தடம் விழுந்துவிடும். எனவே நமக்குக் கிடைப்பது தெருவிளக்கின் வெள்ளை ஒளியும் கிழக்கில் மெல்ல நீலம் பூக்கும் வானமும் மட்டுமே.

அந்த வேளையில் பெட்டியோடு வரும் 18-55 லென்ஸை 55-இல் வைத்தால் அதன் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஐ.எஸ்.ஓ. (ஒளியை உணரும் திறனின் அளவு) 1600-இல் எனக்குக் கிடைத்த ஷட்டர் வேகம், அதாவது ஒளி உள்ளே விழும் நேரம், சுமார் 1/8 நொடி. லென்ஸுக்குள் நடுக்கத்தைக் குறைக்கும் அமைப்பு இருப்பதால், மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தால் தரையில் உள்ள கோலம் தெளிவாகவே வந்தது. கோலம் போடும் கையோ வெறும் புகையாக வந்தது. இங்கேதான் தொடக்கக்காரர்கள் பலர் குழம்புகிறார்கள்; நானும் குழம்பினேன். நடுக்கம் குறைக்கும் அமைப்பு நம் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். எதிரே அசையும் விரலை நிறுத்தி வைக்க அதனால் முடியாது. அதற்கு வேகமான ஷட்டர் வேண்டும், வேகமான ஷட்டருக்கு அதிக ஒளி வேண்டும், அதிக ஒளிக்குப் பெரிய துளை வேண்டும்.

முதல் மார்கழியின் மூன்றாவது வாரத்தில் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம். லென்ஸை வாங்கினேன். 2015-இல் வெளிவந்த இந்த லென்ஸின் எடை 160 கிராம்தான். உள்ளங்கையில் ஒரு சிறிய எலுமிச்சம்பழ ஊறுகாய்ச் சாடியைப் போல அடங்கிவிடும். எஃப் 5.6-க்கும் எஃப் 1.8-க்கும் இடையிலான வேறுபாடு எண்ணாகப் பார்க்கச் சிறியதாகத் தெரிந்தாலும், உள்ளே வரும் ஒளி ஏறத்தாழ 10 மடங்கு. முந்தைய நாள் 1/8 நொடியில் எடுத்த அதே வாசலில், அதே வேளையில், மறுநாள் 1/80 நொடி கிடைத்தது, ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏற்றியபோது 1/160 கிடைத்தது. அந்த வேகத்தில் எடுத்த படம் ஒன்றை இன்றும் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து மாவு இறங்குகிறது. விரலுக்கும் தரைக்கும் இடையே அந்த மாவுக் கோடு ஒரு வெள்ளை நூலாகத் தொங்குகிறது. அது தரையைத் தொடும் இடத்தில் மட்டும் லேசாகச் சிதறி, பக்கத்தில் ஈரத் தரையில் இரண்டு மூன்று துகள்கள் தனியே கிடக்கின்றன. இந்தக் கேமராவை வாங்கியது சரிதான் என்று நான் முடிவுக்கு வந்தது அந்தப் படத்தில்தான்.

எஃப் 1.8-க்கு ஒரு விலை உண்டு. ஒரு மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால் தெளிவாக வரும் ஆழம் 3 சென்டிமீட்டர்கூட இருக்காது. விரலில் ஃபோகஸ் வைத்தால் வளையல் மங்கிவிடும். 9 புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டுமே இருட்டில் நம்பத்தகுந்தது என்பதால், நான் அந்த ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு, விரலில் ஃபோகஸைப் பூட்டிய பிறகு சட்டத்தை நகர்த்துவேன். நகர்த்தும் அந்த அரை நொடியில் உடம்பு சற்று முன்னே சாய்ந்தாலும் படம் போய்விடும். பத்தில் நான்கு படங்களாவது இப்படி வீணாகின்றன. மீதி ஆறில் ஒன்றாவது மனதுக்கு நிறைவாக அமைகிறது.

50 மி.மீ. லென்ஸில் முழுக் கோலத்தையும் அடக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். இந்தச் சிறிய சென்சரில் அது, ஃபிலிம் கேமராவில் 80 மி.மீ. லென்ஸ் இருப்பதைப் போலக் குறுகிய பார்வை கொண்டது. நின்ற நிலையில் கீழ்நோக்கி எடுத்தால் ஏறத்தாழ இரண்டடி அகலம்தான் கிடைக்கும். ஏழு புள்ளி ஏழு வரிசை என்றால் சரி. மார்கழியில் வாசலை அடைத்துப் போடும் பெரிய கோலங்களுக்கு அது ஆகாது. அங்கே 18-55 லென்ஸ்தான் கைகொடுக்கிறது. அதை 18-இல் வைத்தால் துளை எஃப் 3.5 வரை திறக்கும். ஆறடி அகலக் கோலம் அடங்கும். கோலம் அசையாது என்பதால் 1/15 நொடியே போதும். எனவே தோள்பையில் இரண்டையும் எடுத்துச் செல்கிறேன்: முடிந்த கோலத்துக்கு ஒன்று, போடும் கைக்கு மற்றொன்று.

அசையாத திரைதான் இந்தக் கேமராவில் எனக்கு உண்மையிலேயே சிரமம் தரும் அம்சம். கோலத்தை நேர் மேலிருந்து எடுத்தால்தான் வட்டம் வட்டமாக வரும். கொஞ்சம் சாய்ந்தாலும் முட்டை வடிவமாகிவிடும். மடக்கித் திருப்பும் திரை இருந்தால் கையைத் தலைக்கு மேல் நீட்டிப் பார்த்துக்கொண்டே எடுக்கலாம். இதில் அது முடியாது. மந்தைவெளியில் ஒரு வீட்டு வாசலில் நான் மூன்று நாள் தொடர்ந்து எக்கி எக்கி எடுப்பதைப் பார்த்த அந்த வீட்டு அம்மாள், "ஏம்மா இப்படிக் கஷ்டப்படறே, எங்க மாடிப்படியில ஏறி நின்னு எடுத்துக்கோயேன்" என்றார். அங்கிருந்து எடுத்த படங்கள்தான் என் தொகுப்பில் வடிவம் குலையாதவை. அந்த அன்புக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். ஆயினும் எல்லா வாசலிலும் மாடிப்படி இருப்பதில்லை.

ஒளி அளப்பது பற்றி ஒரு முக்கியமான செய்தி. கேமரா எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். நீர் தெளித்த தரை கறுப்பாக இருக்கும். அதன் மேல் வெள்ளை மாவு மெல்லிய கோடுகளாக இருக்கும். சட்டத்தின் பெரும்பகுதி கறுப்பு என்பதால், கேமரா படத்தை வெளிச்சமாக்குகிறது. ஈரத்தரை சாம்பல் பூத்துவிடுகிறது. கோலக் கோடுகள் வெளுத்து ஒட்டிப்போய்விடுகின்றன. என் முதல் ஐந்தாறு நாள் படங்கள் அனைத்தும் இப்படித்தான் வந்தன. பின்புறம் உள்ள ஏ.வி. கூட்டல் கழித்தல் பொத்தானை அழுத்திக்கொண்டு சக்கரத்தைச் சுற்றி, ஒளியைக் கழித்தல் ஒன்றுக்குக் கொண்டுவந்தால், தரை மீண்டும் ஈரக் கறுப்பாகிறது, மாவின் பொடித்தன்மை கண்ணுக்குத் தெரிகிறது. செம்மண் கரை இட்ட கோலத்துக்குக் கழித்தல் மூன்றில் இரண்டு போதும். பரங்கிப்பூ வைத்த வாசலில் இன்னும் கவனம் தேவை, ஏனெனில் அந்த மஞ்சள் தன் மடிப்புகளை இழந்து ஒரே வண்ணத் திட்டாகிவிடும் இயல்புடையது. வெயிலில் வெள்ளை வேட்டி கட்டியவரை எடுக்கும்போது இதன் நேர் எதிர்ச் சிக்கல்: கேமரா வேட்டியைப் பார்த்து ஒளியைக் குறைக்கும், முகம் கறுத்துப்போகும், அங்கே கூட்ட வேண்டும். இந்தக் கணக்கு ஒன்றைப் பழகிக்கொண்டால், தானியங்கி முறையை விட்டு வெளியே வருவதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

ஜேபெக்கோடு, சென்சர் பதிந்ததை மாற்றாமல் அப்படியே வைக்கும் ரா கோப்பையும் சேர்த்துச் சேமிப்பது நல்லது. தெருவிளக்கின் வெண்மையும் விடியலின் நீலமும் ஒரே வாசலில் கலந்து விழும்போது, வண்ணத்தைக் கேமரா தானாக ஊகிப்பது நாளுக்கு நாள் மாறுகிறது. ரா கோப்பில் பிறகு கணினியில் சரிசெய்துகொள்ளலாம். ஐ.எஸ்.ஓ. 1600 வரை எனக்குக் குறை இல்லை. 3200-இல் நிழல்களில் ரவை தூவியது போன்ற பொரி தெரிகிறது. கோலத் தரையின் சொரசொரப்போடு அது கலந்துவிடுவதால் நான் பொருட்படுத்துவதில்லை. 6400-ஐ ஒரே ஒருமுறை பயன்படுத்தினேன். முகங்களுக்கு அது ஏற்றதல்ல.

செல்பேசியோடு ஒப்பிடாமல் இந்த மதிப்பீடு முழுமையாகாது. என் அண்ணன் மகன் தன் செல்பேசியில் எடுத்த முழுக் கோலத்தின் படம், அதே வேளையில் நான் 18-55 லென்ஸில் எடுத்ததைவிடத் திரையில் பளிச்சென்று இருந்தது. செல்பேசி பல படங்களை நொடியில் எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அசையாத பொருளுக்கு அந்த வித்தை நன்றாகவே பலிக்கிறது. ஆனால் மாவு விடும் விரலில் அதே வித்தை தடுமாறி, விரல் நுனி மெழுகு போல வழவழப்பாகிவிட்டது. அச்சில் போட்டபோது வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. 1500டி-யின் படம் 6000-க்கு 4000 புள்ளிகள் கொண்டது. 18-க்கு 12 அங்குல அளவில் அச்சிட்டாலும் அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு மேல் நிற்கும். மாடிப்படியில் இடம் கொடுத்த அம்மாளுக்கு அந்த அளவில் ஒரு படம் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தவர், "இங்க ஒரு புள்ளி விட்டுப்போச்சு, அன்னைக்கு நான் கவனிக்கவே இல்ல பாரு" என்று விரல் வைத்துக் காட்டினார். இத்தனை நாள் அந்தப் படத்தைப் பார்த்திருந்த எனக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

கோலத்துக்கு வெளியே இந்தக் கேமரா எப்படி என்று கேட்டால், பங்குனியில் கபாலீசுவரர் கோயில் அறுபத்துமூவர் விழாவை முதலில் சொல்வேன். எட்டாம் நாள் பிற்பகலில் நாயன்மார் திருமேனிகள் பல்லக்குகளில் மாட வீதியைச் சுற்றி வரும்போது, கூட்டத்தில் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்கே இடம் இராது. தலைக்கு மேல் தூக்கித்தான் எடுக்க வேண்டும், திரை அசையாது, திரை வழியாக ஃபோகஸ் செய்வதில் இந்தக் கேமரா மிகவும் மெதுவானது. இதற்கு ஒரு பழைய வழி உண்டு. லென்ஸை 18-இல் வைத்து, துளையை எஃப் 8-க்குச் சுருக்கி, ஏறத்தாழ 2 மீட்டர் தள்ளி நிற்பவர் மீது ஒருமுறை ஃபோகஸ் செய்துவிட்டு, லென்ஸின் பக்கவாட்டில் உள்ள சிறு சுவிட்சைக் கைமுறைக்கு மாற்றிவிட வேண்டும். அதன்பின் ஒரு மீட்டருக்குச் சற்று அப்பாலிருந்து கோபுர உச்சி வரை எல்லாமே தெளிவாக வரும். கேமரா எதையும் தேட வேண்டியதில்லை, விரலை அழுத்தியதும் படம் பதிவாகிவிடும். பிற்பகல் வெயிலில் ஷட்டர் 1/500 எளிதாகக் கிடைக்கும். கண்ணால் பார்க்காமலே எடுத்த அந்தப் படங்களில் சாய்ந்தவையும் பாதி தலை வெட்டுப்பட்டவையும் பல. ஆனால் மங்கியவை அரிது. லென்ஸின் மேல் தொலைவு எண்கள் பொறிக்கப்படாததால் இந்த 2 மீட்டரைக் கண்ணளவில்தான் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பறவைகளுக்காக வாங்க நினைப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். தொலைவில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் நண்பரின் 55-250 லென்ஸை இரவல் வாங்கிக்கொண்டு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போனேன். நீரில் நிற்கும் நாரையும் கரையோரம் மேயும் தாழைக்கோழியும் நன்றாகவே வந்தன. கூழைக்கடா எழும்பிப் பறக்கும்போது, நொடிக்கு 3 படம் என்ற வேகமும் சட்டத்தின் நடுப்பகுதியிலேயே குவிந்திருக்கும் 9 புள்ளிகளும் போதவில்லை. வீட்டு விசேஷங்களுக்கும் இதே பதில்தான். அண்ணன் மகளின் காதுகுத்தில் பெரியவர்களின் முகங்கள் 50 மி.மீ. லென்ஸில் அழகாக வந்தன. ஓடியாடும் பிள்ளைகள் ஃபோகஸுக்குச் சிக்கவில்லை. "அப்படியே வீடியோவும் எடுத்துடு" என்று அண்ணன் சொன்னபோது என்னால் முடியவில்லை. வெளி மைக் பொருத்த வழி இல்லை. வீடியோ ஓடும்போது ஃபோகஸ் ஆளைத் தானாகத் தொடர்வதும் இல்லை. வீடியோ முக்கியம் என்பவர், ஒளியை வ்யூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடி உள்ளே இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் ஒன்றை, உதாரணமாக 2023-இல் வந்த ஆர்50 போன்றதை, விலை கூடுதலானாலும் பார்ப்பது நல்லது.

உலகம் மிரர்லெஸ் பக்கம் போய்விட்ட காலத்தில் டி.எஸ்.எல்.ஆர். வாங்குவது அறிவுடைமையா என்ற கேள்வியை எனக்குள்ளும் கேட்டுக்கொண்டேன். கேனான் தன் ஈ.எஃப். லென்ஸ் பூட்டை 1987-இல் கொண்டுவந்தது. அன்று முதல் அந்த நிறுவனம் செய்த ஈ.எஃப். லென்ஸ்கள் எல்லாம் இந்தக் கேமராவில் பூட்டி வேலை செய்யும். பலரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறி, தங்கள் பழைய லென்ஸ்களை எல்லிஸ் சாலைக் கடைகளில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நம்மைப் போல் சிறு பணத்தில் கற்றுக்கொள்பவருக்கு இது நல்ல காலம். நாளை மிரர்லெஸ்ஸுக்கே மாறினாலும் ஓர் இணைப்பு வளையம் மூலம் இதே லென்ஸ்களை அதில் பூட்டலாம். கேமராவின் மதிப்பு குறையும். லென்ஸில் போட்ட பணம் வீணாகாது.

பேட்டரியைப் பற்றி ஒரு வரி போதும்: வ்யூஃபைண்டர் வழியாக எடுத்தால் ஒரு முறை சார்ஜ் செய்ததில் சுமார் 500 படம் கிடைக்கிறது, நாளுக்கு அறுபது படம் எடுக்கும் எனக்கு ஒரு வாரம் தாங்குகிறது.

ஆனால் சென்னைக் காற்றைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். 50 மி.மீ. லென்ஸை வாங்கிய பின் வந்த மழைக்காலத்தில் அதைத் தோல் பைக்குள் வைத்து, பையைத் துணி பீரோவுக்குள் வைத்து, ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் வெளியே எடுக்காமல் இருந்துவிட்டேன். மார்கழி பிறப்பதற்கு முந்தைய இரவு எடுத்துப் பார்த்தபோது, முன்கண்ணாடியின் உட்புறத்தில் சிலந்தி நூல் போன்ற வெண்ணிழைகள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பரவத் தொடங்கியிருந்தன. பூஞ்சை. பழுது பார்ப்பவர் லென்ஸைப் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். தொடக்க நிலையிலேயே கொண்டுபோனதால் கண்ணாடியின் பூச்சு தப்பித்தது. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே பூஞ்சைக்கு வசதி. நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். இருட்டும் காற்றோட்டமின்மையும் தோலும் துணியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இப்போது காற்றுப் புகாத மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் அரிசி டப்பா ஒன்றில்தான் கேமராவும் லென்ஸ்களும் இருக்கின்றன. அடியில் துணிப்பையில் கட்டிய நீலச் சிலிக்கா ஜெல், பக்கவாட்டில் ரிச்சி தெருவில் வாங்கிய சிறிய ஈரப்பதமானி. முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நின்றால் நிம்மதி. நீலம் இளஞ்சிவப்பாக மாறினால், வாணலியில் சிறு தீயில் வறுத்து மீண்டும் நீலமாக்கிக்கொள்ளலாம். அந்த வாணலியைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. கடைகளில் கிடைக்கும் மின்சார உலர்பெட்டி இன்னும் வசதியானது. ஆனால் ஒரு கேமரா, இரண்டு லென்ஸுக்கு இந்த டப்பாவே தாராளம்.

ஏ.சி. அறையிலிருந்து நேராக வெளியே எடுத்துப் போவதும் தவறு. குளிர்ந்த கண்ணாடியில் வெளியின் ஈரக் காற்று பட்டதும், கண் எதிரே பால் ஏடு படிவது போல மூடிக்கொள்ளும். துடைத்தால் மீண்டும் மூடும். கால் மணி நேரம் ஒன்றும் எடுக்க முடியாது. மார்கழியில் அந்தக் கால் மணி நேரம்தான் விலைமதிப்பற்றது. முந்தைய இரவே டப்பாவைக் கூடத்தில், மின்விசிறி மட்டும் ஓடும் இடத்தில் வைத்துவிடுகிறேன். காசிமேட்டிலோ மெரினாவிலோ படமெடுத்துவிட்டு வந்தால், லேசாக ஈரமாக்கிப் பிழிந்த மெல்லிய துணியால் கேமராவின் வெளிப்புறத்தை ஒருமுறையும், உலர்ந்த துணியால் இன்னொரு முறையும் துடைப்பேன். கடற்காற்றின் உப்பு ரப்பர் பிடிகளின் விளிம்பில் படிந்துவிடும். லென்ஸை மாற்றும்போது காற்றுக்கு முதுகைக் காட்டி, கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த மாதிரியில் சென்சர் தன்னைத் தானே உதறிச் சுத்தம் செய்துகொள்ளும் வசதி இல்லை.

வாங்கிய அன்று நான் ஏமாந்த ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். லென்ஸைக் காக்கும் என்று சொல்லி ஒரு கடையில் என் தலையில் கட்டிய மலிவான யூ.வி. கண்ணாடி, தெருவிளக்கு சட்டத்துக்குள் வந்த படங்களில் எல்லாம் பச்சை நிறப் போலி விளக்கு ஒன்றைத் தலைகீழாகப் பதித்தது. கேமராவில்தான் கோளாறு என்று இரண்டு வாரம் கவலைப்பட்டேன். அதைக் கழற்றிய அன்றே பச்சை விளக்கு மறைந்தது. லென்ஸின் முன்னே மாட்டும் குடை போன்ற மறைப்பு ஒன்று போதும்.

பழைய 1500டி வாங்கப் போகிறவர்கள் செல்பேசி டார்ச்சை ஏற்றி லென்ஸின் பின்புறமிருந்து ஒளி பாய்ச்சி, முன்புறமிருந்து சாய்வாகப் பார்க்க வேண்டும். பூஞ்சை இருந்தால் இழையிழையாக மின்னும், வெறும் தூசி புள்ளியாக மட்டுமே தெரியும். துளையை எஃப் 16-க்குச் சுருக்கி, வெள்ளைச் சுவரையோ வெற்று வானத்தையோ படமெடுத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சரில் உள்ள அழுக்கு கரும்புள்ளியாகத் தெரியும். அது சுத்தம் செய்தால் போய்விடும் என்பதால் அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை. விலையைக் குறைத்துக் கேட்கலாம். சக்கரத்தை எல்லா முறைகளுக்கும் ஒருமுறை சுற்றி, உள்ளிருக்கும் ஃபிளாஷ் எழும்புகிறதா, ஒவ்வொரு பொத்தானும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் சொந்தக் கார்டை எடுத்துப்போய், கடை வாசலில் நின்று, தெருவில் போவோர் வருவோரை முப்பது நாற்பது படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கணினியில் அவற்றைப் பார்த்துவிட்டு மறுநாள் வருகிறேன் என்று சொன்னால், நேர்மையான கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். எனக்கு இந்தக் கேமராவைத் தந்தவர், "தாராளமா பார்த்துட்டு வாங்கம்மா, நாளைக்கு வரைக்கும் யாருக்கும் கொடுக்கல" என்று எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.